அரிசி தின்ற பனெத்தோனே

முதலில் நான் கட்டியவற்றை எழுதிவிடுகிறேன். இது யாரோ ஒரு கோப்பை கழுவுகிறவன் கோபத்தில் எழுதியது என்று ஒருவரும் சொல்லக்கூடாது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் என் கையால், பாண் சுடுகிற போறணை அடுப்பைக் கட்டினேன். மேசன் பிடிக்க வழியில்லை, நானே செங்கல் அடுக்கினேன். இரண்டு தரம் இடிந்து விழுந்தது, மூன்றாம் தரம் நின்றது. அதில் வெந்த றோஸ் பாண் காங்கேசன்துறை வரைக்கும் சைக்கிளில் போனது. அந்த ஒரு போறணையை வைத்து மூன்று தங்கச்சிமாரைக் கரைசேர்த்தேன். அது எரிந்து சாம்பலான பிறகு, மற்றவர்கள் பேரப்பிள்ளை தூக்குகிற வயதில், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட இந்தச் செல்லத்துரை சுவிஸ் நாட்டுக்கு வந்து, பீல் நகரத்தில், ஜெர்மனும் தெரியாமல் பிரெஞ்சும் தெரியாமல், வேலை செய்ய அனுமதி கிடைத்த அடுத்த நாளே ஒரு இத்தாலியரின் பேக்கரியில் வேலை எடுத்தேன். இளம் பெடியள் ஹோட்டல் குசினிகளில் சட்டி தேய்க்க, நான் மா பிசைந்தேன். ஒரு பழைய மணிக்கூட்டுப் பட்டறையின் கீழ் அறையை வாடகைக்குப் பிடித்து, அதில் பிள்ளையாரை இருத்தி, வெள்ளிக்கிழமைப் பூசை தொடங்கியதும் நான்தான்.

இவ்வளவுக்கும் மேலே இன்னொன்று செய்தேன். அதைத்தான் ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை. இந்த ஊர் இத்தாலியர் இயேசு பிறந்த நத்தார் நாளில் வெட்டித் தின்கிற பனெத்தோனே இன்றைக்கு உயிரோடு இருப்பது என்னால்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு விளக்கமாகச் சொல்கிறேன். பனெத்தோனே கேக் மாதிரி இனிக்கும், ஆனால் கேக் இல்லை. பாண் மாதிரிப் பொங்கும், ஆனால் பாண் இல்லை. ஒரு சாண் உயரம், மேலே காளான் போல விரிந்த தலை. உள்ளே முட்டை மஞ்சள் கரு, பட்டர், முந்திரிகை வத்தல், சீனியில் ஊறின தோடம்பழத் தோல். மிலான் பக்கத்துச் சாமான். வெந்து வந்ததும் அடியில் இரண்டு கம்பியைக் குத்தி, தலைகீழாகத் தொங்கவிட்டுவிடுவார்கள். வேலைக்குப் போன முதல் மார்கழியில் நான் கண்ட புதினம் இதுதான். பேக்கரி முழுக்க, ஆலமரத்து வௌவால் மாதிரி, நாற்பது பலகாரம் தலைகீழாகத் தொங்கின.

என் பிழையையும் எழுதுகிறேன், அப்போதுதான் மற்றதை நம்புவீர்கள். எங்கள் போறணையில் சுடச்சுட வந்த பாணை யாராவது தலைகீழாக வைத்தால் முதலாளி அடிப்பான். நானே முதலாளி, நானே அடித்திருக்கிறேன். அதனால் யாரோ ஒரு விசரன் மாறித் தொங்கவிட்டிருக்கிறான் என்று எண்ணி, ஆள் இல்லாத நேரம் நாற்பதையும் கழற்றி நிமிர்த்தி, வரிசையாக அடுக்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் நாற்பதும் பல்லுப் போன கிழவனின் கன்னம் போல உள்ளே விழுந்துவிட்டன.

முதலாளி எத்தோரே வந்து பார்த்தார். தலைத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். இவரும் என்னைப்போலத்தான், ஆனால் கிட்டத்து நாட்டுக்காரர். லொம்பார்டியாவில் இருந்து ஆறு மாத வேலைக் காகிதத்தோடு வந்து, மரக் கொட்டிலில் பத்துப் பேரோடு படுத்து எழும்பி, வெரேனா என்கிற சுவிஸ் பெண்ணைக் கட்டி, கடை போட்டவர். அவர் அன்றைக்கு என்னை வேலையை விட்டுக் கலைத்திருக்கலாம். கலைக்கவில்லை.

"செல்லா, இதுக்கு எலும்பில்லை. சூடு ஆறுமட்டும் தலைகீழாய்த்தான் நிக்கவேணும்," என்றார். "நானும் இந்த நாட்டுக்கு வந்த புதிசில அப்பிடித்தான் நிண்டனான்."

பனெத்தோனேக்கு உயிர் அதன் புளித்த மாவில் இருக்கிறது. எத்தோரே அதைத் துணியில் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு மரப் பெட்டியில் வைத்திருந்தார். மாத்ரே என்று சொல்வார், தாய் என்று அர்த்தம். கடை திறக்கிற ஒவ்வொரு நாளும் அவிழ்த்துப் பாதியை வேலைக்கு எடுப்பார். மற்றப் பாதிக்குப் புது மாவும் தண்ணீரும் கொடுத்துத் திரும்பக் கட்டுவார். மிலானில் இருந்து மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தது, ஒரு நாளும் அறுபடவில்லை என்று சொல்லிச் சொல்லியே கடையை வளர்த்தார். அதைப் பார்த்து மற்றவர்கள் வாய் பிளப்பார்கள். நான் பிளக்கவில்லை. எங்கள் போறணையில் மா பொங்கினது கள்ளில். கள்ளின் குணம் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. அந்தக் குணம் தெரிந்தவனுக்கு இந்தக் கட்டுச் சோறு மாதிரிக் கிடக்கிற மாவின் குணம் தெரியாதா? ஒரு மாதத்தில் துணியைத் தொட்டே சொல்லிவிடுவேன், பசியோ நிறைவோ என்று.

மார்கழி வந்தால் எத்தோரே கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரு கதை சொல்லுவார். முன்னொரு காலத்தில் மிலான் பிரபுவின் அரண்மனையில் நத்தார் விருந்து. பெரிய சமையற்காரன் இனிப்பைக் கரியவிட்டுவிட்டான். எல்லாரும் நடுங்கிக்கொண்டு நிற்க, குசினியில் எடுபிடி வேலை செய்த தோனி என்பவன், தனக்கென்று ஒளித்து வைத்திருந்த புளித்த மாவில் சுட்ட பாணை நீட்டினான். பிரபு தின்றார், பேர் என்ன என்று கேட்டார், தோனியின் பாண் என்றார்கள். கடைக்கு வருகிற கிழவர் ஒருவர் மட்டும், அது புளுகு, பேய்க்கதை, பெரிய பாண் என்பதுதான் அந்தப் பேரின் அர்த்தம் என்று சண்டைக்கு வருவார். எது உண்மையோ எனக்குத் தெரியாது. கதை எனக்குப் பிடித்திருந்தது.

இனி நான் செய்த களவு. நாங்கள் ஐந்து பேர் ஒரு அறையில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லாருக்கும் அப்பத்தின் ஞாபகம் வந்துவிடும். கள்ளுக்கு எங்கே போவது? கடை ஈஸ்ட் போட்டுச் சுட்டால் அப்பம் ரப்பர் மாதிரி இழுபட்டது. ஒரு சனிக்கிழமை, மாத்ரேயில் ஒரு தேசிக்காய் அளவு கிள்ளிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டிருந்தால் எத்தோரே தந்திருப்பார். ஆனால் ஒரு முதலாளி இன்னொரு முதலாளியிடம் புளிச்ச மா பிச்சை கேட்கிறதா? என் குணம் அப்படி. ஜாம் போத்தலில் போட்டு ஜன்னல் தட்டில் வைத்தேன். கோப்பி அரைக்கிற மெசினில் பச்சையரிசியை அரைத்துக் கொடுத்தேன். வெறும் அரிசி மாவுக்கு அது சோம்பிக் கிடந்தது, பக்கத்தில் ஒரு கரண்டி கோதுமை மாவும் வைத்துப் பார்த்தேன், எழும்பியது. அப்படியே இரண்டையும் கொடுத்துப் பழக்கினேன். அப்பம் ஓரம் முறுகி வந்தது. என்னோடு இருந்த தவம், குசினி வேலை செய்கிற பெடியன், முதல் அப்பத்தைப் பிய்த்து மணந்துவிட்டு, "அண்ணை, இது பாப்பரசரின்ர ஊர் அப்பம். விபூதி பூசிக்கொண்டு தின்னலாமோ?" என்று கேட்டான். கேட்டுவிட்டு ஆறு தின்றான்.

எண்பத்தாறாம் ஆண்டு மார்கழியில் வந்தது வினை. அந்த வருடம் இத்தாலியத் தொழிலாளர் நத்தார் விருந்துக்கு முந்நூறு பனெத்தோனே கேட்டிருந்தார்கள். கடையின் மானமே அதில்தான் இருந்தது. நத்தாருக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை காலை, பெட்டியைத் திறந்தால் துணி காய்ந்து மட்டை மாதிரி இருந்தது. எத்தோரே கயிற்றை வெட்டினார். உள்ளே கொழுக்கட்டை அவிந்த மாதிரி, வெந்துபோன மா. உயிர் மணம் இல்லை, பசை மணம்.

"ஆர் இதைப் போறணைக்கு மேல வைச்சது?" என்று வெரேனா கேட்டார்.

எத்தோரே என்னைப் பார்த்தார். நான் எத்தோரேயைப் பார்த்தேன். சனிக்கிழமை பின்னேரம், குளிர் கூடிப்போச்சு என்று பெட்டியைத் தூக்கிப் போறணையின் மேல் தட்டில் வைத்தது அவர். என் கண்ணால் கண்டேன். ஞாயிறு கடை பூட்டு, இறக்க மறந்துவிட்டார்.

"செல்லா சூட்டு நாட்டுக்காரன்," என்றார் எத்தோரே, நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "குளிருமெண்டு பயந்து வைச்சிருப்பான்."

அப்போது எனக்கு இருந்த ஜெர்மன் இருபது சொல். அதில் 'நைன்' என்ற ஒன்றுதான் வாயில் வந்தது. மூன்று தரம் சொன்னேன். வெரேனா கெட்ட மனுசி இல்லை, ஆனால் புருசன் சொன்னதை நம்பினார். "இனி இவருக்கு இங்கே வேலையில்லை. ஃப்றெம்டன்போலிசைக்கு எழுதிவிடுறன்," என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். ஃப்றெம்டன்போலிசை என்றால் வெளிநாட்டுக்காரரைப் பார்க்கிற பொலிஸ் கந்தோர். அந்த வருடம் தமிழரைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று ரேடியோவிலும் ரயிலிலும் ஒரே கதை. வேலை இருக்கிறவனுக்கே நித்திரை இல்லாத காலம். வேலை போனவன் கதை என்ன?

நாங்கள் இருவரும் தனித்து நின்றோம். மிலானில் இருக்கிற எத்தோரேயின் தமையனிடம்தான் மூல மா இருந்தது. காணிச் சண்டையில் பன்னிரண்டு வருடமாகக் கதை பேச்சில்லை. கடை ஈஸ்ட் போட்டுச் செய்தால் மூன்றாம் நாள் காய்ந்துவிடும், விருந்துக்கு வருகிற இத்தாலியக் கிழவர்கள் முதல் கடியில் பிடித்துவிடுவார்கள். என்னிடம் இரண்டு வழி இருந்தது. பெட்டியைத் தூக்கி வைத்தது நீங்கள் என்று கத்தலாம். இல்லையென்றால் என் களவைச் சொல்லலாம். கத்தினால் மா திரும்பி வராது. களவைச் சொன்னேன். ஜெர்மன் பாதி, இத்தாலியன் பாதி, கை பாதி.

"நான் எடுத்தனான். வீட்டை கொண்டுபோனனான். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு."

"மாத்ரேயைத் திண்டனியோ?" எத்தோரேக்குக் கண் பிதுங்கியது.

"தின்னேல்லை. பிள்ளைக்குச் சோறு மாதிரித் தீத்தினனான். ஒவ்வொரு நாளும் தீத்தினனான்."

விளங்கக் கொஞ்ச நேரம் சென்றது. விளங்கியதும் முகம் சிவந்து, "லாத்ரோ!" என்றார். கள்ளன். என் வாழ்க்கையில் என்னை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. சுன்னாகத்தில் சொல்லியிருந்தால் அவன் பல்லோடு வீட்டுக்குப் போயிருக்க மாட்டான்.

"தோனியும் மா ஒளிச்சு வைச்சவன்தானே?" என்றேன். "அவனைக் கள்ளன் எண்டு சொல்லியோ சனத்துக்கு விக்கிறியள்?"

எத்தோரே கோட்டை எடுத்துப் போட்டார். "நட," என்றார்.

எங்கள் அறை நடந்தால் பத்து நிமிடம். அன்றைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். அவர் மூச்சு வாங்க முன்னால், நான் பின்னால். கதவைத் தட்டினால் தவம் சாரத்தோடு வந்து திறந்தான். வெள்ளைக்காரரைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"அண்ணை, பொலிஸோ?"

"இல்லையடா, முதலாளி. போத்தல் எங்க?"

"எந்தப் போத்தல்?"

"அப்ப மாப் போத்தல்!"

"அதோ... நேற்று நீங்கள் கோயில் வேலையெண்டு பிந்தித்தானே வந்தனீங்கள். நாங்கள் எல்லாத்தையும் கரைச்சு ஊத்திச் சுட்டுத் திண்டிட்டம். போத்தல் ஊறுது."

குசினிக்கு ஓடினேன். குசினித் தொட்டிக்குள் போத்தல் தண்ணீர் நிறையக் கிடந்தது.

"சவுக்காரம் போட்டனியோ?"

"இன்னும் இல்லை அண்ணை. எழும்பப் பஞ்சியா இருந்தது."

"கடவுளே, உன்ர பஞ்சிக்கு ஒரு தேங்காய் அடிக்கவேணும்!"

எத்தோரே என்னை விலக்கிவிட்டுப் போத்தலைத் தூக்கினார். தண்ணீரை மெதுவாகச் சரித்து ஊற்றினார். அடியில், கண்ணாடியோடு ஒட்டி, இரண்டு கரண்டி அளவு வெள்ளையாகக் கிடந்தது. "தண்ணிக்குள்ள கிடந்தாச் சாகாது," என்று தனக்குத்தானே சொன்னார். "பியெமொந்தே ஊர்ப் பேக்கரிக்காரர் தண்ணிக்குள்ளதான் வைச்சிருக்கிறவை." சின்ன விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். தவம் என் காதுக்குள், "அண்ணை, ஆளுக்கு என்ன வருத்தம்?" என்றான்.

"என்ன குடுத்தனீ?" என்று எத்தோரே கேட்டார்.

"அரிசி. கொஞ்சம் கோதுமை."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். தன் தாயும் சின்ன வயதில் வயலுக்குப் போனவர் என்றார். முழங்கால் தண்ணீரில் நின்று, குனிந்தபடி நெல்லுக்குக் களை பிடுங்குகிற வேலை. இத்தாலியில் நெல் விளையும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. எங்கள் ஊரில் களை பிடுங்குகிற பெண்களை நினைத்தேன். அதைக் கதைக்க நேரம் இல்லை.

மூன்று நாள், எங்கள் அறையிலேயே, வெரேனாவுக்குத் தெரியாமல். நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் தீத்தல். முதல் நாள் அசையவே இல்லை. தண்ணீரின் சூடு, மாவின் அளவு எல்லாம் எத்தோரே சொன்னபடி செய்தோம், கிடந்தபடி கிடந்தது. இரண்டாம் நாள் நான் என் சொல்லை எடுத்தேன். "இது அரிசிக்குப் பழகினது. ஒரேயடியா மாத்தினால் கோவிக்கும். கொஞ்சம் அரிசி மாவும் போடுவம்." எத்தோரே மாட்டேன் என்றார். நான் மாவுச் சட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு கிழவர்கள், ஒரு சட்டிக்குச் சண்டை. கடைசியில் அவர் கையை விட்டார். அரிசி மா போட்டேன். பின்னேரம் மேலே சின்னச் சின்னக் கண்கள் திறந்தன. அடுத்த அடுத்த தீத்தலில் அரிசியைக் குறைத்துக் குறைத்துக் கோதுமைக்குக் கொண்டுவந்தோம். இது மணிக்கூடு செய்கிற நகரம், எல்லாரும் கையைத் தூக்கி மணி பார்ப்பார்கள். நான் அந்த மாவைப் பார்த்து மணி சொன்னேன். வியாழக்கிழமை மத்தியானம், ஒரு துண்டு கிள்ளி இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டோம். உயிர் இருந்தால் மிதக்கும். அடிக்குப் போனது. எத்தோரே சிலுவை போட்டார். நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். அடியில் கிடந்த துண்டு ஒரு பக்கம் சரிந்து, மெல்ல, மெல்ல மேலே வந்தது.

நத்தார் முடியும்வரை ஆள் வேணும் என்று வெரேனாவிடம் சொல்லி எத்தோரே என்னை வைத்துக்கொண்டார், முந்நூறும் போனது. கம்பியில் முந்நூறும் தலைகீழாகத் தொங்கினபோது ஒன்றுகூட நழுவவில்லை. விருந்தில் அந்தச் சண்டைக்காரக் கிழவர் தின்றுவிட்டு, எத்தோரேயின் தோளில் தட்டி, இந்த முறைதான் மிலான் மாதிரி இருக்கிறது என்றாராம். எத்தோரே வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"செல்லா, இது எங்கள் ரெண்டு பேருக்குள்ள. தமிழரின்ர ஜாம் போத்தலில வளந்தது எண்டு தெரிஞ்சால் ஒருத்தரும் வாங்காயினம். வெரேனாவுக்கும் தெரியக்கூடாது."

"பெட்டியைப் போறணைக்கு மேல வைச்சது நான் எண்டுதானே அவ நினைக்கிறா?"

"நான் தமையனிட்ட இருந்து எடுப்பிச்சன் எண்டு சொல்லியிருக்கிறன். உன்ர வேலை போகாது. காகிதத்துக்குக் கடிதமும் தருவன்."

ஓம் என்றேன். அந்த நேரம் எனக்குக் காகிதம்தான் உயிர். கடிதம் வந்தது. 'உதவியாள். கடுமையாக உழைப்பவர். சுத்தமானவர்.' தவம் வாசித்து விளங்கப்படுத்தினான். மூன்று வரியில் என்னை முடித்துவிட்டார்கள். ஆனால் அந்த மூன்று வரியால்தான் இன்றைக்கும் இங்கே நிற்கிறேன், அதையும் மறைக்கவில்லை.

இப்போது எண்பத்தொன்பதாம் ஆண்டு. போன கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு எத்தோரேயின் படம் வந்தது. கையில் துணி மூட்டை. கீழே, மிலானில் இருந்து வந்த நாள் முதல் அறுபடாத மாத்ரே என்று எழுதியிருக்கிறது. படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது, சுன்னாகத்துப் போறணை சுட்ட தழும்போடு. அது என்னுடையது. என்னை வெட்டிவிட்டு முழங்கையை மட்டும் விட்டிருக்கிறார்கள்.

பத்திரிகையைக் கொண்டுபோய் அவர் மேசையில் விரித்தேன்.

"பேப்பர்தானே, செல்லா," என்றார். "நாளைக்கு இதில மீன் சுத்துவினம்."

"அப்ப என்ர பேரிலயும் ஒருக்கால் மீன் சுத்தட்டும்."

"மூண்டு வருசத்துக்குப் பிறகு வெரேனாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"நான் இந்த மூண்டு வருசமும் அவவின்ர முகத்தைப் பாத்தனான். அவ இப்பவும் பெட்டியை என்ர கைக்கு எட்டாத தட்டிலதான் வைக்கிறா."

நான் போகும்போது அவர் ஒரு பனெத்தோனேயைச் சுற்றிக் கையில் தந்தார். என் மாவை எனக்கே பரிசாகத் தந்தார்.

தவம் பயப்படுகிறான். "அண்ணை, உங்களுக்கு விசரே? அடுத்த மாசம் காகிதம் புதுப்பிக்கோணும், திரும்ப அவரின்ர கடிதம் வேணும். இதைத் தமிழில எழுதினாலும் ஆராவது வாசிச்சுச் சொல்லுவினம்." சொல்லட்டும். சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன். கடையில் துணிக்குள் கட்டிக் கிடக்கிற மாவும் என் ஜன்னலில் போத்தலுக்குள் கிடக்கிற மாவும் ஒன்றுதான். காலையில் எத்தோரே இறக்கித் தர அங்கே கோதுமை கொடுக்கிறேன், பின்னேரம் இங்கே வந்து அரிசி கொடுக்கிறேன். எது எந்த ஊர் மா என்று கேட்டால் எனக்கே இப்போது சொல்லத் தெரியாது. ஆர் காப்பாற்றினது என்று மட்டும் தெரியும்.

எத்தோரேயைக் கீழே போட எனக்கு விருப்பமில்லை. பெட்டியைத் தூக்கி வைத்தது ஆர் என்பதை வெரேனாவுக்கு அவர் வாயால் சொல்லட்டும், அது அவர்கள் வீட்டு விசயம். எனக்கு வேண்டியது கடைக் கண்ணாடியில், அந்தப் பத்திரிகைப் படத்துக்குப் பக்கத்தில், ஒரு காகிதம். 'இந்த மா எண்பத்தாறில் செத்தது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தைச் சேர்ந்த பேக்கரி முதலாளி செல்லத்துரை அதை அரிசி கொடுத்து வளர்த்து இந்தக் கடைக்குத் திருப்பித் தந்தார்.' முதலாளி என்றுதான் போடவேண்டும், உதவியாள் என்று போட்டால் கிழித்துவிடுவேன். இத்தாலியனில் எத்தோரே எழுதட்டும். ஜெர்மனில் வெரேனா எழுதட்டும், அவர் கையெழுத்திலேயே இருக்கவேண்டும். தமிழில் நான் எழுதித் தருகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் ஒருவரும் திருத்த வேண்டாம், அப்படியே ஒட்டுங்கோ.